வெபர் மைதானமும் நம் கிராமத்துப் பந்தடித் திடலும்

கிராமத்திற்கு என்ன தேவை என்று கூட்டம் கூட்டிக் கேட்டால், பெரியவர்கள் கிணறு, வீதி, மலசலகூடம், வலை, விதைநெல் என்று வரிசையாகச் சொல்வார்கள். கூட்டத்தின் பின்புறத்தில் சைக்கிளில் காலூன்றி நிற்கும் இளைஞர்களிடம் கேட்டால், அவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பந்து, நான்கு கம்பம், விளையாட ஓர் இடம். வாவியின் இரு கரைகளிலும் பணியாற்றும் நாம் இவ்வேண்டுகோளை மீண்டும் மீண்டும் கேட்கின்றோம். கேட்டவுடன் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். ‘சோற்றுக்கு வழி பேசும் இடத்தில் பந்தா?’ என்று யாராவது கேட்பார். இளைஞர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கூட்ட அறிக்கையில் அவர்களுடைய வேண்டுகோள் கடைசி வரியில் இடம்பெறும். சிலவேளை இடம்பெறாமலே போய்விடும்.

பந்து வாங்கிக் கொடுப்பது எளிது. மூன்று மாதத்தில் அது கிழிந்துவிடும்; இன்னொன்று வாங்கலாம். ஆனால் இடம் என்பது அப்படியன்று. ஒருமுறை இழந்த இடத்தை மீண்டும் வாங்க முடியாது. எனவே இக்கட்டுரையில், மட்டக்களப்பு மாவட்டத்தில் யாவரும் அறிந்த வெபர் மைதானத்தை முன்வைத்து, ஒரு பந்தடி மைதானம் எவ்வாறு உண்டாகின்றது, எதனால் நிலைக்கின்றது, எதனால் கைநழுவிப் போகின்றது என்பதை வாசகர்களுடன் சேர்ந்து சிந்திக்க விரும்புகின்றோம்.

விளையாடுமிடம் நமக்குப் புதிதன்று

உதைபந்தாட்டம் வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் ஊருக்கென்று ஒரு விளையாடுமிடம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டை நம் முதியவர்கள் நன்கு அறிவார்கள். ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாக நிற்கும். வளைந்த மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிகின்றதோ அச்சேரி தோற்றதாகும். மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் இது நடைபெற்றது. வென்றவர் தோற்றவரைப் பாட்டால் கேலி செய்வார்கள். பின்பு இரு பக்கத்தாரும் ஒரே ஊராக வீடு திரும்புவார்கள்.

இவ்விளையாட்டுக்கு மூன்று காரியங்கள் வேண்டியிருந்தன. ஊருக்குப் பொதுவான ஒரு வெளி. இரு பக்கத்தாரும் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு. போட்டி முடிந்தபின் பகை தொடரக்கூடாது என்ற மனம். பந்தடிக்கும் இம்மூன்றுமே வேண்டும். கிளித்தட்டும் போர்த்தேங்காயும் வார் ஓட்டமும் நடந்த வெளிகளில் ஒருநாள் பந்து உருளத் தொடங்கியதில் வியப்பில்லை.

இன்று உலகம் ஆடும் உதைபந்தாட்டத்தின் விதிகள் 1863 ஆம் ஆண்டில் லண்டன் நகரில் எழுதப்பட்டவை. ஆங்கில ஆட்சியின் படைவீரர்களும் உத்தியோகத்தர்களும் இவ்விளையாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தனர். கிராமப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் பாடசாலைகள் வழியாகவே அறிமுகமாயிற்று. மட்டக்களப்பு இவ்வகையில் பின்தங்கிய இடமன்று. மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் 1814 ஆம் ஆண்டுக்குச் செல்கின்றது. புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் ஆரம்பமானது. கல்லடி உப்போடையில் சுவாமி விபுலானந்தர் அமைத்த சிவானந்த வித்தியாலயம் 1929 இல் திறக்கப்பட்டது. பாடசாலை இருந்த இடத்தில் முற்றம் இருந்தது. முற்றம் இருந்த இடத்தில் விளையாட்டு இருந்தது. நாட்டின் உதைபந்தாட்டத்தை ஒழுங்குபடுத்தும் சங்கம் 1939 இல் உருவாயிற்று.

ஒரு பெயரின் வரலாறு

மட்டக்களப்பு நகரத்து மைதானம் ஓர் அரசனின் பெயரையோ அரசியல்வாதியின் பெயரையோ தாங்கி நிற்கவில்லை. ஓர் ஆசிரியரின், பயிற்றுநரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. 1940களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைக் குருக்கள் திருகோணமலை மறைமாவட்டப் பணிக்கு வந்தனர். மட்டக்களப்பும் அப்போது அம்மறைமாவட்டத்தினுள்ளேயே இருந்தது. அவ்வாறு வந்தவர்களில் ஒருவர் அருட்தந்தை ஹரல்ட் வெபர். புனித மிக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அவர், வகுப்பறைக் கல்விக்குச் சமமாக மைதானத்துக் கல்வியையும் கருதினார். மட்டக்களப்பின் விளையாட்டுக்கு அவர் ஆற்றிய பணியின் நினைவாகவே மைதானம் இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

அவருடைய சபையைச் சேர்ந்த வேறு இருவரையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1948 இல் இலங்கைக்கு வந்த அருட்தந்தை இயூஜின் ஹெபர்ட், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகப் பெயர் பெற்றவர். 1990 ஆம் ஆண்டு இப்பகுதியின் கொடிய ஆண்டு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களிலும் படுகொலைகள் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் 15 ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்ட ஹெபர்ட் அடிகளாரும் அவருடன் சென்ற தமிழ் இளைஞன் ஒருவனும் வந்து சேரவேயில்லை. அதே 1948 இல் வந்த அருட்தந்தை பென்ஜமின் மில்லர், மிக்கேல் கல்லூரியிலும் பின்னர் மனித உரிமைப் பணியிலும் உழைத்து 2019 ஜனவரி முதலாம் நாள் மட்டக்களப்பிலேயே காலமானார்.

இவர்களைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு சிறு நகரத்தின் மைதானம் தானாக முளைத்ததன்று என்பதைக் காட்டவே எழுதுகின்றோம். யாரோ சிலர் மாலைதோறும் ஊதுகுழலுடன் வெயிலில் நின்றிருக்கின்றார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியிருக்கின்றார்கள். கோடு போட்டிருக்கின்றார்கள். இன்று உதைபந்தாட்டப் போட்டிகளும் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளும் பொது வைபவங்களும் அங்கு நடைபெறுகின்றன. பெயர்ப்பலகையைப் பார்ப்பவர்களுக்கு ஊதுகுழலுடன் நின்றவரின் உழைப்புத் தெரிவதில்லை.

எவ்வளவு நிலம் வேண்டும்?

கிராம அபிவிருத்திச் சங்கங்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விதிப்படி பந்தடித் திடலின் நீளம் 90 முதல் 120 மீற்றர் வரை, அகலம் 45 முதல் 90 மீற்றர் வரை இருக்கலாம். பெரிய போட்டிகளுக்கு 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் வழக்கமான அளவு. இது 7140 சதுர மீற்றர். ஏறத்தாழ ஒன்றேமுக்கால் ஏக்கர். சுற்றிலும் சில மீற்றர் இடைவெளி விட்டால் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல் போதும். ஆகக் குறைந்த அளவான 90 க்கு 45 மீற்றர் திடலுக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் போதும். எனவே ‘எங்கள் ஊரில் காணி சிறிது’ என்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை.

கோல் கம்பங்களுக்கிடையே 7.32 மீற்றர், குறுக்குக் கம்பத்தின் உயரம் 2.44 மீற்றர். பழைய கணக்கில் 24 அடியும் 8 அடியுமாகும். தண்டனை உதைக்கான புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீற்றரில் இருக்கும். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர்.

வெபர் மைதானம் போன்ற நகர மைதானத்தில் உதைபந்தாட்டத்தோடு ஓட்டப்போட்டிகளும் நடைபெறும். திடலைச் சுற்றி எட்டுப் பாதைகள் கொண்ட 400 மீற்றர் ஓடுபாதை அமைப்பதானால் ஏறத்தாழ 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் வேண்டும். அதாவது நான்கு ஏக்கர். நகரத்தில் இத்தகைய ஒரு மைதானம் இருந்தால் மாவட்டமே அதனைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு கிராமமும் அதனைப் பார்த்து நான்கு ஏக்கர் தேட வேண்டியதில்லை. கிராமத்துக்கு வேண்டியது பிள்ளைகள் நாள்தோறும் நடந்தே போகக்கூடிய ஒரு திடல். இவ்விரண்டும் வெவ்வேறு தேவைகள். ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தால் மற்றது நிறைவேறிவிட்டதாகக் கணக்குக் காட்டக்கூடாது.

மாரியும் கச்சானும்

மைதானத்தின் முதல் வசதி எது என்று கேட்டால் பலரும் பார்வையாளர் மண்டபத்தைச் சொல்வார்கள். சிலர் மின்விளக்கைச் சொல்வார்கள். எமது எண்ணத்தில் முதல் வசதி நிலத்தின் சாய்வுதான்.

மட்டக்களப்பில் வருடத்துக்கு 1600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டிவிடுகின்றது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்வது நமக்குப் புதினமன்று. அவ்வாறு பெய்தால் 7140 சதுர மீற்றர் திடலில் விழும் நீர் ஏழு இலட்சத்துப் பதினாலாயிரம் லீற்றர். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசர் வண்டிகளில் எழுபதுக்கு மேற்பட்டவற்றின் நீர் அது! இவ்வளவு நீரும் எங்கே போகும் என்று சிந்திக்காமல் நிலத்தைத் தட்டையாக நிரவிவிட்டால், தை பிறந்த பின்னும் அங்கு கொக்குகள்தான் விளையாடும்.

வழி எளிது. திடலின் நடுப்பகுதியைச் சற்று மேடாக்கி இரு பக்கமும் சாய்வாக விட வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வு போதும். 68 மீற்றர் அகலத் திடலில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 34 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். ஆடுபவரின் கண்ணுக்கு அது தெரியாது. ஓரத்தில் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு ஒரு போக்கிடம். கடற்கரைப் பக்கத்து மணல் நீரை விரைவில் உறிஞ்சிவிடும் என்பது உண்மை. ஆயினும் மாரியில் வாவி நிரம்பி முகத்துவாரம் அடைபட்டிருக்கும் நாட்களில் நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும். அப்போது மணலும் உறிஞ்சாது. வாவிக்கு அருகில் மைதானம் அமைப்பவர்கள், முகத்துவாரம் வெட்டப்படுவதற்கு முந்திய நாட்களில் அவ்விடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். கோடையில் பார்த்துத் தெரிவு செய்த காணி மாரியில் குளமாகலாம்.

கோடையின் துன்பம் வேறு. கச்சான் காற்று வீசத் தொடங்கினால் புல் கருகும், மண் பறக்கும். முழுத் திடலுக்கும் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு நீர் விடுவதானால் 35,700 லீற்றர் வேண்டும். குடிதண்ணீருக்கே வரிசையில் நிற்கும் கிராமத்தில் இதைக் கேட்பது நியாயமன்று. ஆனால் முழுத் திடலுக்கும் நீர் விட வேண்டிய அவசியமில்லை. புல் முதலில் அழிவது இரு கோல் வாயில்களிலும்தான். கோலுக்கு முன்னுள்ள சிறு பெட்டிகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 200 சதுர மீற்றர். அவற்றுக்கு ஆயிரம் லீற்றர் போதும். ஒரு கிணறும் ஒரு நீரிறைக்கும் பம்பியும் இருந்தால் இளைஞர்கள் அரைமணி நேரத்தில் செய்து முடிக்கும் வேலை இது. புல்லுக்கும் வெளிநாடு போக வேண்டாம். மிதிபட்டாலும் வேர் விட்டு எழும் நம் அறுகம்புல்லே பந்தடிக்கு ஏற்றது. வெப்ப நாடுகளின் மைதானங்கள் பலவற்றில் நடப்படுவதும் அறுகின் இனங்களே.

ஆடும் மாடும் மேய்வது பற்றிச் சண்டைகள் எழுவதுண்டு. மேய்ச்சல் புல்லைக் கட்டையாக வைத்திருக்கும். அதில் நன்மையும் உண்டு. ஆனால் மழை பெய்து நிலம் இளகியிருக்கும்போது மாட்டின் குளம்பு பதிந்த பள்ளம், காய்ந்தபின் பிள்ளையின் கணுக்காலை முறிக்கும். ஈரமான நாட்களில் மட்டும் மேய்ச்சலைத் தடுத்து, மற்ற நாட்களில் காலையில் அனுமதிப்பது எல்லோரும் ஏற்கக்கூடிய ஒழுங்காகும்.

இடர்க்காலத்தில் மைதானம்

திறந்தவெளியின் அருமை இடர்க்காலத்தில்தான் தெரியும். 1978 நவம்பர் 23 ஆம் நாள் இரவு சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. தென்னைகள் முறிந்து கூரைகள் பறந்த அவ்விரவை அனுபவித்தவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றார்கள். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பெருகி நாவலடி முதலான கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் யுத்தத்தால் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பல்லாயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. இத்தகைய காலங்களிலெல்லாம் பாடசாலைகளும் பொதுவெளிகளுமே மக்களுக்குப் புகலிடமாயின. கூடாரம் அடிக்கவும், லொறியிலிருந்து பொருள் இறக்கவும், ஆட்களைக் கணக்கெடுக்கவும் ஒரு வெளி வேண்டும். எல்லாக் காணியும் வேலியடைத்த ஊரில் அதற்கு இடமேது?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. நெருக்கடிக்காக எடுக்கப்பட்ட மைதானம் நெருக்கடி தீர்ந்தபின் மீண்டும் பிள்ளைகளிடம் வர வேண்டும். இது எவ்வளவு காலம் எடுக்கக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் துரையப்பா விளையாட்டரங்கு ஓர் உதாரணம். 1990களின் பிற்பகுதியிலிருந்து அது கைவிடப்பட்டுக் கிடந்தது. 1999 இல் புனரமைப்புக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பின்னர் இந்தியாவின் 7 கோடி இந்திய ரூபா உதவியுடன் திருத்தப்பட்டு, 1850 பேர் அமரும் வசதியுடன் 2016 ஜூன் 18 ஆம் நாளே அது திறக்கப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மைதானத்தைக் காணாமலே வளர்ந்துவிட்டார்கள். திருத்திய கட்டடத்துக்குச் செலவு எவ்வளவு என்று எழுதலாம். பிள்ளைகள் இழந்த வருடங்களுக்கு எந்தக் கணக்கில் எழுதுவது?

யாருக்கு மைதானம்?

மட்டக்களப்பு வாவி வடக்கு தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நகரமும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரைப் பக்கம். வயலும் குளமும் பாதிக்கப்பட்ட கிராமங்களும் படுவான்கரைப் பக்கம். மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் அவ்வழியே வர வேண்டுமானால் படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். மாலையில் நகரத்தில் விளையாடிவிட்டு இருட்டுமுன் வீடு திரும்புவது எப்படி? இன்று பாலம் உண்டு. ஆனால் பஸ் கட்டணமும் நேரமும் இன்னும் உண்டு. ஆகவே நகர மைதானத்தின் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தாலும், தூரம் என்ற வேலியைத் தாண்ட முடியாத பிள்ளைகள் பலர்.

இன்னொரு வேலி கண்ணுக்குத் தெரியாதது. நம் கிராமங்களில் ‘மைதானம்’ என்றால் ஆண்பிள்ளைகளின் மைதானம் என்றே பொருள். பெண்பிள்ளைகள் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு முந்திய சில வாரங்கள் ஓடுவார்கள். பின்பு வீட்டு முற்றத்தோடு நின்றுவிடுவார்கள். இது நம் வழக்கம் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். உதைபந்தாட்டத்தின் தாய்நாடான இங்கிலாந்தில், 1920 டிசம்பர் 26 ஆம் நாள் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் அணிகள் இரண்டு மோதியதைப் பார்க்க ஏறத்தாழ 53,000 பேர் வந்தனர். அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5 ஆம் நாள், அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று தடை விதித்தது. பெண்கள் ஆடக்கூடாது என்று அச்சங்கம் சட்டம் போடவில்லை, போடவும் முடியாது. மைதானத்தை மட்டும் மூடியது. அது போதுமாயிருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 1970களின் தொடக்கத்திலேயே தடை நீங்கியது. பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணப் போட்டி 1991 இல்தான் சீனாவில் நடந்தது.

விளையாட்டை நிறுத்த வேறொன்றும் செய்ய வேண்டாம், இடத்தை மறுத்தால் போதும் என்பதே இதிலிருந்து நாம் அறிவது. நம் ஊரில் எவரும் தடை விதித்து அறிவித்தல் ஒட்டுவதில்லை. பெண்பிள்ளைகளுக்கு என்று ஒரு நேரம் குறிக்காமல் விடுவதே தடைதான். உடை மாற்ற ஒரு மறைவிடமும் ஒரு மலசலகூடமும் இல்லாமல் விடுவதும் தடைதான். மின்விளக்குக்கும் மண்டபத்துக்கும் முன்பு இவையே கட்டப்பட வேண்டியவை.

தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் சந்தையில் சந்திக்கின்றார்கள். பஸ்ஸில் அருகருகே அமர்கின்றார்கள். ஆனால் ஒரே விதிக்கு இருவரும் கட்டுப்பட்டு ஒன்றரை மணி நேரம் நிற்கும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றில் ஒன்று மைதானம். பந்து சமாதானத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பந்தடியில் தொடங்கிய சண்டைகளையும் நாம் அறிவோம். ஆனால் நடுவர் ஊதினால் நிற்க வேண்டும் என்று பதினைந்து வயதில் பழகியவன், பின்னாளில் வேறு இடங்களிலும் நிற்கப் பழகுவான் என்ற நம்பிக்கை எமக்குண்டு.

காணி யாருடையது?

கிராமத்துத் திடல்கள் பல, காகிதத்தில் மைதானமாக இல்லை. அரச காணியாகவோ, கோயில் காணியாகவோ, எப்போதோ ஒரு பெரியவர் வாய்ச்சொல்லால் விட்டுக்கொடுத்த காணியாகவோ இருக்கின்றன. வாய்ச்சொல் கொடுத்தவர் இருக்கும்வரை கரைச்சல் இல்லை. அவருக்குப் பின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து வேலி போட்டால் கேட்பதற்கு ஆளில்லை. யுத்தகாலத்தில் இடம்பெயர்ந்து மீண்ட ஊர்களில் எல்லைக்கல்லும் இல்லை. எல்லை தெரிந்த முதியவர்களும் குறைந்து வருகின்றார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கத்தில் வேலி ஒரு முழம் உள்ளே வரும். பத்து வருடத்தில் கோல் கம்பத்தை நகர்த்த வேண்டிவரும். பிறகு மைதானமே இருக்காது.

நாட்டின் உதைபந்தாட்ட நிர்வாகச் சிக்கலால் 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில் அத்தடை நீங்கியது. அவ்வேழு மாதங்களிலும் தேசிய அணிக்குச் சர்வதேசப் போட்டி இல்லை. கிராமத்துத் திடலில் மாலை ஆட்டத்துக்கு அத்தடை பொருந்தவில்லை. மேலிடத்துக் குழப்பம் வரும், போகும். கீழே நிலம் இருந்தால் விளையாட்டு மிஞ்சும். நிலம் போய்விட்டாலோ மேலே எத்தனை சம்மேளனம் இருந்தும் பயனில்லை.

நிலமே இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. தாய்லாந்தின் பங்கா விரிகுடாவில் கோ பன்யீ என்ற மீனவர் கிராமம் கடலில் நட்ட கால்களின் மேல் நிற்கின்றது. 1986 இல் உலகக் கிண்ணப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த அவ்வூர்ச் சிறுவர்கள், பழைய மரத்துண்டுகளையும் மீன்பிடி மிதவைகளையும் சேர்த்துத் தாங்களே ஒரு மிதக்கும் திடலைக் கட்டினார்கள். ஆணிகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பந்து அடிக்கடி கடலில் விழுந்தது. ஆயினும் அங்கிருந்து ஒரு சிறந்த கழகம் உருவாயிற்று. வாவியை நம்பி வாழும் நம் பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லலாம். ஆனால் கடலில் திடல் கட்ட நேர்ந்தது அவர்களுக்குக் கரையில் இடமில்லாததால். நமக்குக் கரையில் இடம் இன்னும் இருக்கின்றது. அதைக் காப்பதே நம் வேலை.

இன்று செய்யக்கூடியவை

முதலாவது, கிராம அபிவிருத்திச் சங்கமும் விளையாட்டுக் கழகமும் சேர்ந்து கிராம உத்தியோகத்தர் மூலமாகத் திடலின் காணி யார் பெயரில் உள்ளது என்பதை எழுத்தில் பெற வேண்டும். நில அளவை செய்து எல்லைக்கல் நாட்ட விண்ணப்பிக்க வேண்டும். எல்லை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.

இரண்டாவது, திடலைப் பிரதேச சபையின் அல்லது பாடசாலையின் பொறுப்பில் பதிவு செய்து, நாளாந்தப் பராமரிப்பைக் கழகம் ஏற்க வேண்டும். உரிமை ஓரிடத்தில், உழைப்பு ஓரிடத்தில் என்ற இவ்வொழுங்கு எழுத்தில் இருத்தல் அவசியம்.

மூன்றாவது, மாரிக்கு முன் புரட்டாதியில் ஒரு சிரமதானம்: வாய்க்கால் துப்புரவு, பள்ளம் நிரப்புதல். மாரிக்குப் பின் மாசியில் இன்னொன்று: அறுகு நடுதல், நிரவுதல்.

நான்காவது, கோல் கம்பங்களை நிலத்தில் உறுதியாக ஊன்ற வேண்டும். தூக்கி வைக்கும் இரும்புக் கோல்கள் கவிழ்ந்து பிள்ளைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. இதில் சிக்கனம் வேண்டாம்.

ஐந்தாவது, வாரத்தில் குறைந்தது இரண்டு மாலைகளைப் பெண்பிள்ளைகளுக்கென ஒதுக்கி, அதை அறிவித்தல் பலகையில் எழுத வேண்டும். மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் மைதானக் குழுவில் இருந்தால் அவ்வெழுத்து நடைமுறைக்கு வரும்.

ஆறாவது, உதவி கொடுக்க முன்வருபவர்களிடம், வெளிநாட்டில் வாழும் உறவுகளிடமும்கூட, பெயர் பொறித்த மண்டபத்தைக் கேட்பதற்கு முன், பத்து வருடப் பராமரிப்புக்கு ஒரு சிறு வைப்புப் பணத்தைக் கேட்போம். கட்டடத்தை ஒருமுறை திறந்து வைக்கலாம். புல்லை ஒவ்வொரு மாதமும் வெட்ட வேண்டும்.

வெபர் அடிகளாரின் பெயர் நகரத்து மைதானத்தில் நிலைத்துவிட்டது. அத்தகைய ஒருவர் நம் ஊருக்கும் வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு ஊதுகுழலுடன் வந்து நிற்க ஓர் ஆசிரியரோ ஓய்வுபெற்ற உத்தியோகத்தரோ முன்னாள் ஆட்டக்காரரோ ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் நிற்பதற்கு ஓர் இடத்தை உறுதிப்படுத்திக் கொடுப்போம். அடுத்த கிராமக் கூட்டத்தில் பின்வரிசை இளைஞர்களின் வேண்டுகோளைச் சிரித்துத் தள்ளாமல், அறிக்கையின் முதற் பக்கத்திலேயே எழுதிக்கொள்வோம்.